கெட்டோலா, ஆள் ஒன்று

செத்துப்போன மனிதர் ஒருவர் அந்தப் பூங்காவில் வருடா வருடம் அக்டோபர் இரண்டாவது வாரத்தில் காட்டுக்குள் போவார். திரும்பி வரமாட்டார். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதும் கிடையாது.

அவர் பெயர் ஆர்னே கெட்டோலா. மரம் வெட்டும் முகாமில் சமையல்காரராக இருந்தவர். தான் ஆக்கிப் போட்டதைத் தின்றுவிட்டுப் போகிற ஆட்கள் முந்நூறு வயது மரங்களைச் சாய்ப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்து, ஒருநாள் கரண்டியைப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். முப்பது வருடம் சட்டசபைக்குக் கடிதம் எழுதினார், கூட்டம் போட்டார், இரண்டு முறை அடிவாங்கினார். கடைசியில் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்து மேல் தீபகற்பத்தில் நாற்பதாயிரம் ஏக்கர் ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரக் காடு ரம்பத்துக்குத் தப்பியது. உயிரோடு இருந்தவரை ஊரில் பாதிப்பேர் அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். செத்த பிறகு மாநில அரசு அந்தக் காட்டைப் பூங்காவாக்கி அவர் பெயரையே வைத்தது. செத்தவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்பதில் அரசாங்கத்துக்கு எப்போதும் ஒரு வசதி.

ஆர்னே கெட்டோலா மாநிலப் பூங்காவுக்குள் போக நான்கு பாதைகள். ஒவ்வொரு பாதையின் வாயிலிலும் ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு நோட்டுப் புத்தகம், நூலில் கட்டிய பென்சில். உள்ளே போகிறவர்கள் பெயர், எத்தனை ஆள், போகுமிடம், திரும்பும் நேரம் என்று நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். திரும்பி வந்ததும் தங்கள் வரியை அடித்துவிட வேண்டும். ரேஞ்சர் சாயங்காலம் நான்கு பெட்டிகளையும் திறந்து பார்ப்பார். அடித்த வரிக்குக் கவலையில்லை. நேரம் தாண்டியும் அடிக்காத வரி இருந்தால் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். அந்தக் காட்டில் கைப்பேசி வேலை செய்யாது. உயிர் காக்கும் சாமான் என்று அங்கே ஏதாவது உண்டென்றால் அது அந்த நான்கு நோட்டுப் புத்தகங்கள்தான்.

லோர்னா பெல்டோனென் பதினைந்து வருடமாக அங்கே ரேஞ்சர். பூங்காவுக்குப் பெயர் வைத்த முதலாம் ஆண்டு நிறைவு நாளில், பதினான்கு வருடத்துக்கு முன்னால், அவளுக்கு ஒரு ஆசை தோன்றியது. ஒரு புத்தகத்தைத் திறந்து பக்கத்தின் முதல் வரியில் எழுதினாள்: கெட்டோலா, ஆள் ஒன்று, போகுமிடம் காடு. திரும்பும் நேரத்தைக் காலியாக விட்டாள். பெரியவர் காட்டிலேயே இருக்கிறார், திரும்பவில்லை என்று அர்த்தம். அன்று சாயங்காலம் பார்வையிடும்போது அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு டிக் போட்டாள். பார்த்தாயிற்று, தேட வேண்டியதில்லை என்பதற்கு ரேஞ்சர்கள் போடும் டிக் அது.

அழகான விஷயம் என்று எல்லாருக்கும் பட்டது. அடுத்த வருடம் வேறு யாரோ எழுதினார்கள். அதற்கடுத்த வருடம் நான்கு புத்தகத்திலும் பெரியவர் உள்ளே போனார். பூங்காக் கடையில் காபிக் கோப்பை ஒன்று விற்பனைக்கு வந்தது. "கெட்டோலா, திரும்பும் நேரம்" என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கோடு காலியாக விட்டிருக்கும். நன்றாகவே விற்றது.

இந்த வருடம் அந்த வாரத்துச் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு லோர்னாவின் அலுவலகத் தொலைபேசி அடித்தது. லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்திலிருந்து ஹில்யா பேசினாள். அங்கே சனிக்கிழமைதோறும் பெண்கள் கூடி இருநூறு பாஸ்டி செய்து விற்பார்கள். மாட்டிறைச்சியும் கிழங்கும் மாவுக்குள் வைத்து மடிக்கிற வேலை. சர்ச்சுக்குக் கூரை மாற்றியதே அந்தப் பாஸ்டியில்தான்.

"லோர்னா, ஐலி வரலை," என்றாள் ஹில்யா. "கிழங்கு சீவ ஆளில்லாம மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. பதினோரு வருஷத்துல அவ ஒரு சனிக்கிழமை தவறினதில்லை. வீட்டுக்குப் போய்த் தட்டிட்டு வந்தேன். பூனை ஜன்னல்ல நின்னு கத்துது. தட்டு காலி."

"யாராவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாங்களோ?"

"அவளுக்கு ஏது சொந்தம்? பூனையைப் பட்டினி போட்டுட்டு ஊருக்குப் போறவளா அவ? புதன்கிழமை சாயந்திரம் பாத்தேன். அப்பா பேரு வச்ச நாள் வருது, கால் தேறிடுச்சு, ஒரு நடை உள்ள போயிட்டு வரணும்னு சொன்னா."

"உள்ளன்னா, காட்டுக்கா?"

"பின்ன, கடைத்தெருவுக்கா?"

ஐலி ஆர்னே கெட்டோலாவின் ஒரே மகள். எழுபத்தொரு வயது. கண் மங்கிவிட்டதென்று கோடையில்தான் காரை விற்றிருந்தாள். இலை நிறம் மாறுவதைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களின் கார் எதிலாவது தொற்றிக்கொண்டு வந்திருப்பாள். எந்தப் பாதையிலும் அவள் பெயரில் ஒரு கார் நிற்காது. இருக்கக்கூடியது புத்தகத்தில் ஒரு வரி மட்டும்தான். அந்த வரியில் அவள் என்ன எழுதியிருப்பாள் என்பது லோர்னாவுக்குத் தெரியும். அந்தக் காலத்து ஆட்கள் குடும்பப் பெயரை மட்டும்தான் எழுதுவார்கள். கெட்டோலா, ஆள் ஒன்று.

இந்த வாரம் அந்தப் பெயரை லோர்னா நான்கு புத்தகத்திலும் பார்த்திருந்தாள். எதில் என்ன கிழமை, எதில் எந்த இடம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பெயரைக் கண்டதும் கண் சிரித்துக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவிவிடும். கை தானாக டிக் போட்டுவிடும்.

கண்காணிப்பாளர் ட்ரெவாரோவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், வேகமானவர். அரை மணியில் தீயணைப்புத் தொண்டர்கள் முப்பது பேரைத் திரட்டிவிட்டார். ஹில்யாவையும் விசாரித்தார். ஐலி எப்போதும் போகிற இடம் ஏரிக்கரைப் பாதை, அங்கே அப்பா பெயர் போட்ட பெஞ்சு இருக்கிறது என்று தெரிந்தது. முப்பது பேரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். லோர்னா வண்டியை எடுத்துக்கொண்டு பெட்டிகளைப் பார்க்கப் போனாள்.

ஓட்டும்போது அந்தக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஐலி அலுவலகத்துக்கு எழுதியது. கோடு போட்ட தாளில், நடுங்குகிற கையெழுத்தில் ஆறே வரி. "என் அப்பா திரும்பும் நேரம் எழுதாமல் ஒருநாளும் காட்டுக்குள் போனதில்லை. வீட்டில் அம்மா காத்திருப்பாள் என்று எழுதுவார். எழுதிய நேரத்துக்கு வருவார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அவர் பெயரை எழுதுகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்." பதில் போட வேண்டும் என்று லோர்னா அதை மேஜை இழுப்பறையில் வைத்தாள். வயதானவர்கள் இப்படித்தான் எதற்காவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்றும் அப்போது நினைத்தாள். பதில் போடவில்லை.

ஏரிக்கரைப் பெட்டி முதலில் வந்தது. கெட்டோலா, ஆள் ஒன்று. திரும்பும் நேரம் காலி. இரண்டாவது பெட்டியில் அந்தக் கட்டத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருந்தது. மூன்றாவதில் "பனி உருகினதும்" என்று யாரோ கிறுக்கியிருந்தார்கள். பார்த்ததை ரேடியோவில் ட்ரெவாரோவிடம் சொல்லிக்கொண்டே போனாள். நான்காவது பெட்டி அயர்ன் ஓடைப் பாதையில், காட்டைச் சுற்றிப் போகும் வளையச் சாலையின் மறுகோடியில் இருந்தது. ஆள் அதிகம் வராத இடம். மூடியைத் திறந்தாள்.

பக்கத்தின் முதல் வரி. கெட்டோலா. ஆள் 1. போகுமிடம், ஓடை பிறக்கும் ஊற்று. திரும்பும் நேரம், வியாழன் 4 மணி.

கையெழுத்து நடுங்கியிருந்தது. வரிக்குப் பக்கத்தில் பச்சையில் ஒரு டிக், வியாழக்கிழமையுடையது. அதை ஒட்டி இன்னொரு டிக், வெள்ளிக்கிழமையுடையது. இரண்டும் லோர்னா போட்டது.

பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு தகடு அடித்திருக்கும். வழி தவறினாலோ அடிபட்டாலோ நின்ற இடத்திலேயே இருங்கள், நேரம் தாண்டினால் உங்களைத் தேடி வருவோம் என்று அதில் எழுதியிருக்கும். அதைத் தினமும் பார்க்கிறவள்தான். இன்று முழுவதும் படித்தாள். உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. அதற்கு நேரமில்லை. ரேடியோவை எடுத்தாள்.

"நாலாவது புத்தகத்துல இருக்காங்க. ஊத்துக்குப் போயிருக்காங்க. ஆட்களை இங்க திருப்புங்க."

"எல்லாப் புத்தகத்திலயும்தான் கெட்டோலா இருக்கார், லோர்னா," என்றார் ட்ரெவாரோ. "வருஷா வருஷம் இருக்கார்."

"இதுல திரும்பற நேரம் எழுதியிருக்கு."

"ஒருத்தன் பனி உருகினதும்னு எழுதினான்னு நீதானே இப்ப சொன்ன? இன்னொருத்தன் நாலு மணின்னு எழுதியிருக்கான். கால் சரியில்லாத எழுபது வயசு அம்மா ஆறு மைல் மேட்டுல ஏறி ஊத்துக்குப் போவாங்களா? பெஞ்சு இங்க இருக்கு. ஒரு கிறுக்கலை நம்பி முப்பது பேரைத் திருப்ப முடியாது. இருட்டறதுக்கு நாலு மணி நேரம்தான் இருக்கு."

"இது கிறுக்கல் இல்ல. அவங்க கையெழுத்து எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எனக்குக் கடிதம் எழுதியிருந்தாங்க. இந்த விளையாட்டை நிறுத்தச் சொல்லி."

ட்ரெவாரோவின் அடுத்த கேள்வி உடனே வந்தது.

"வியாழக்கிழமை அந்தப் புத்தகத்தை யார் பாத்தது?"

"நான்."

"நேத்து?"

"நேத்தும் நான்தான்."

"ஒரு ஆளை அனுப்பறேன்," என்றார் ட்ரெவாரோ. "ஆளைப் பாத்துட்டுக் கூப்பிடு. அப்ப எல்லாரையும் திருப்பறேன்."

வந்தவன் டெல்பர்ட். ஐம்பத்தைந்து வயது, மரம் வெட்டியே தோள் அகன்றவன். அவன் குடும்பம் மூன்று தலைமுறையாக வேலை செய்த அறுவை மில், கெட்டோலாவின் சட்டம் வந்த வருடம் மூடியது. முதுகில் தூங்கும் பை, தோளில் கயிறு, கையில் சூடான சர்க்கரைத் தண்ணீர்க் குடுவை. எதையும் கேட்காமல் முன்னால் நடந்தான். அவன் நடை லோர்னாவுக்கு ஓட்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பெய்த ஆலங்கட்டி மழை பாதையில் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. மேகம் மரத்தலையில் உட்கார்ந்திருந்தது. ஹெலிகாப்டர் கேட்டால் சிரிப்பார்கள். குறுக்கே விழுந்த மரங்களை அந்தக் காட்டில் யாரும் அறுத்து அகற்றமாட்டார்கள். விழுந்தது விழுந்தபடி கிடக்க வேண்டும் என்பது கெட்டோலா வாங்கிக் கொடுத்த சட்டம். ஏறி இறங்கி, குனிந்து நுழைந்து, சேற்றில் முழங்கால் வரை புதைந்து போனார்கள்.

"எங்கப்பன் இந்த ஆளு பேரைக் கேட்டா துப்பிட்டுத்தான் சாப்பிட உக்காருவான்," என்றான் டெல்பர்ட், ஒரு மரத்தைத் தாண்டிக்கொண்டே. "அவர் பொண்ணைத் தேடி நான் ஓடறேன் பாரு. கல்லறையில புரண்டு படுப்பான்."

"முடியலைன்னா திரும்பிப் போ."

"யாரு போறேன்னா? மூச்சு வாங்கறது தெரியாம இருக்கப் பேசறேன். நீ ஏன் பேசமாட்டேங்கற?"

வாயைத் திறந்தால் லோர்னாவுக்கு மணிக்கணக்குதான் வரும். வியாழன் நாலு மணியிலிருந்து இப்போது வரை நாற்பத்தெட்டு. அதில் முதல் ஒன்றரை மணி நேரத்திலேயே அவள் பெட்டியைத் திறந்து, டிக் போட்டு, மூடியிருக்கிறாள். அப்போதே போயிருந்தால் அந்த அம்மா அன்று இரவு தன் பூனைக்குச் சோறு வைத்திருப்பாள். அன்று இரவு லோர்னா வீட்டில் மீன் பொரித்துச் சாப்பிட்டாள். ருசியாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நாலரை மணிக்கு ஊற்றுச் சத்தம் கேட்டது. டெல்பர்ட்தான் முதலில் பார்த்தான். பாறைகளிலிருந்து பாதை வரை ஈரமண்ணில் யாரோ உடம்பை இழுத்துக்கொண்டு வந்த தடம். தடம் முடிகிற இடத்தில், பாதையின் ஓரத்தில், வருகிறவர் மிதிக்காமல் போக முடியாத இடத்தில், ஐலி கிடந்தாள். கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள். உதடு நீலமாக இருந்தது. நடுக்கம் இல்லை. குளிரில் நடுக்கம் நின்றுவிட்டால் உடம்பில் சூடு தீர்ந்துகொண்டு வருகிறது என்பது லோர்னாவுக்குத் தெரியும்.

"யாரது?"

"லோர்னா. பூங்கா ஆபீஸ்லேருந்து."

"வந்துட்டியா," என்றாள் ஐலி. குரலில் கொஞ்சம்கூட ஆச்சரியமில்லை. "மணி நாலு ஆயிடுச்சா?"

"தாண்டிடுச்சு," என்றாள் லோர்னா.

டெல்பர்ட் ஐலியின் இடுப்பைத் தொட்டுப் பார்த்து, லோர்னாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். எலும்பு உடைந்திருந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஆறு மைல் போக முடியாது. தூக்கினால் வழியிலேயே உயிர் போய்விடும். பள்ளத்தில் ரேடியோ எடுக்கவில்லை.

"நான் மேட்டுக்கு ஏறிக் கூப்பிடறேன். ஸ்ட்ரெச்சரோட வர்றவங்களை எதிர்ல போய்க் கூட்டிட்டு வரேன்," என்றான். போகிறபோது குனிந்து ஐலியின் காதருகே சொன்னான். "நான் மில்லுக்காரன் மவன். உங்கப்பன்கிட்ட எனக்கு இன்னும் கணக்கு தீரல. நீங்க பாட்டுக்குப் போயிடாதீங்க."

ஐலி சிரிக்கப் பார்த்தாள். அவன் ஓடினான்.

லோர்னா ஐலியின் ஈரக் கோட்டைக் கழற்றி, தன் கோட்டைப் போட்டு, அவளைத் தூங்கும் பைக்குள் மெல்ல நுழைத்தாள். சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். பாதி வெளியே வழிந்தது.

"பொண்ணே, இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி."

ஐலி அதை மனதில் போட்டுப் பார்த்தாள். "ரெண்டு ராத்திரின்னு எண்ணினேன். அப்புறம், இருக்காது, நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சேன். புத்தகத்துல எழுதிட்டு வந்திருக்கோமே, நாலு மணி தாண்டினா வந்துடுவாங்களே, யாரும் வரலைன்னா இன்னும் நாலு ஆகலைன்னுதானே அர்த்தம்." மூச்சு வாங்கினாள். "அதான் பாதைக்கு இழுத்துக்கிட்டு வந்தேன். நீங்க வந்து தேடிக் கஷ்டப்பட வேண்டாம்னு."

லோர்னா அவள் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"புத்தகம் மழையில நனஞ்சுடுச்சா?"

"இல்ல."

"யாராவது பக்கத்தைக் கிழிச்சுட்டாங்களா? டவுன் பசங்க கிழிப்பாங்க."

அந்த அம்மா லோர்னாவுக்காகச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாள். சொல்லலாமா என்று லோர்னாவுக்குத் தோன்றாமலில்லை. ஆனால் வாய் வேறு விதமாகத் திறந்தது.

"புத்தகம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் படிச்சேன். வியாழக்கிழமையும் படிச்சேன், நேத்தும் படிச்சேன். கெட்டோலான்னு பாத்ததும், எப்பவும் எழுதற தமாஷுன்னு நெனச்சுட்டேன். கடைசிக் கட்டத்தைப் பாக்கவே இல்ல. டிக் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

ஐலி முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். மங்கின கண்ணானாலும் பார்வை குத்தியது.

"அந்தக் கூத்தை யார் ஆரம்பிச்சது?"

"நான்தான்."

"என் லெட்டர் வந்ததா?"

"வந்தது."

லோர்னாவுக்கு அந்த முகத்துக்கு எதிரில் இருக்க முடியவில்லை. கையை விட்டு எழப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து ஒரு விரல் அவள் சட்டையைப் பிடித்தது.

"எங்க போற? உள்ள வா. பையில இடம் இருக்கு. உன்னைத் திட்டறதுக்கு எனக்குச் சூடு வேணும்."

லோர்னா பூட்சைக் கழற்றிவிட்டுப் பைக்குள் நுழைந்து அவளை அணைத்துக்கொண்டாள். ஆற்றில் கிடந்த விறகைக் கட்டிக்கொண்டது போல இருந்தது. அவள் காதில் அந்த அம்மா திட்ட ஆரம்பித்தாள்.

"அறிவு கெட்டவளே. என் அப்பாவை உனக்கு என்ன தெரியும்? பெரிய மகான்னு நெனச்சியா? கஞ்சன். ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. எனக்குக் கல்யாணம் பேச வந்தவனை உக்கார வச்சு மூணு மணி நேரம் மரத்தைப் பத்தியே பேசி ஓட விட்டார். நான் தனியாவே நின்னதுக்கு அவர்தான் காரணம்."

"ம்."

"என்ன ம்? ஆனா சொன்ன நேரத்துக்கு வருவார். அம்மா நாலு மணிக்குக் காபியை அடுப்புல ஏத்துவா. அது பொங்கறதுக்குள்ள கதவு திறக்கும். ஒருநாள்கூட அவளைக் காக்க வச்சதில்லை. அவர்கிட்ட இருந்த நல்ல குணமே அது ஒண்ணுதான். அந்த ஒண்ணைப் போய் நீ அழிச்சே. காபிக் கோப்பையில வேற போட்டு வித்தே."

"நான்தான் அழிச்சேன்."

"முண்டம்," என்றாள் ஐலி.

திட்டத் திட்ட அவள் மூச்சில் கொஞ்சம் சூடு வந்தது. லோர்னா அதைக் கன்னத்தில் உணர்ந்தாள். இப்படியே திட்டிக்கொண்டிருந்தால் போதும், டெல்பர்ட் வந்துவிடுவான் என்று நம்பிக்கை வந்தது. தான் செய்த மற்றத் தப்புகளையும் எடுத்துக் கொடுத்தாள். கடிதத்தை இழுப்பறையில் போட்டது. வயதானவள் முகத்தைத் தூக்குகிறாள் என்று நினைத்தது. வியாழக்கிழமை மீன் பொரித்துத் தின்றது.

"என்ன மீனு?"

"வெள்ளை மீன்."

"பூனைக்குப் பிடிக்கும்," என்றாள் ஐலி. பிறகு, "அதுக்கு யார் போடறா?"

"ஹில்யா போடறாங்க. இனிமே நானும் போடறேன்."

"நீ போட மறந்துடுவ. டிக் மட்டும் போட்டுடுவ."

லோர்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மணி ஆறைத் தாண்டியிருந்தது. ஹெம்லாக் மரங்களுக்கு அடியில் வெளிச்சம் பழுப்பாகிக்கொண்டு வந்தது. திட்டுக்கு நடுவே இடைவெளி நீண்டது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சில வார்த்தை அவள் பெற்றோரின் பின்னிஷ் மொழியில் வந்தது. ஒருமுறை லோர்னாவை அம்மா என்று கூப்பிட்டாள்.

"தூங்கக் கூடாது. திட்டுங்க," என்றாள் லோர்னா.

"திட்டினேனே."

"பத்தாது. நான் பண்ணினதுக்கு அது பத்தாது. இன்னும் திட்டுங்க."

"நாளைக்கு."

"இப்பவே திட்டுங்க. உங்க அப்பாவையாவது திட்டுங்க. மாப்பிள்ளையை ஓட விட்டாரே, அவன் பேரென்ன? எங்கிருந்து வந்தான்? சொல்லுங்க."

ஐலியின் உதடு அசைந்தது. பெயர் வெளியே வரவில்லை. லோர்னா அவளைக் குலுக்கினாள், முதுகைத் தேய்த்தாள், தன் மூச்சை அவள் கழுத்தில் ஊதினாள். பைக்குள் இருந்த சூடெல்லாம் லோர்னாவுடையதாக மட்டுமே இருந்தது. கன்னத்தில் படும் மூச்சுக்காகக் காத்திருந்தாள். ஒன்று வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தாள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். ஊற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பைக்கு வெளியே அவளைச் சரித்து நெஞ்சை அழுத்தினாள், வாயில் ஊதினாள், எண்ணினாள், மறுபடி அழுத்தினாள். கற்றுக்கொடுத்த அத்தனையையும் செய்தாள். கை சோர்ந்து விழுந்த பிறகும் செய்தாள். அப்புறம் மறுபடி பைக்குள் இழுத்து, கழுத்துவரை மூடி, கட்டிக்கொண்டு படுத்தாள்.

ஏழு மணி வாக்கில் கீழே ஓடைப் பக்கம் விளக்குகள் தெரிந்தன. நிறைய விளக்குகள். ட்ரெவாரோ முப்பது பேரையும் திருப்பியிருந்தார். விழுந்த மரங்களைத் தாண்டுகிற சத்தமும், ஸ்ட்ரெச்சர் கிளையில் இடிக்கிற சத்தமும், யாரோ சேற்றில் விழுந்து திட்டுகிற சத்தமும் கேட்டன. எல்லாருக்கும் மூச்சு இரைத்தது. முன்னால் வந்த டெல்பர்ட் கையை வாயில் குவித்துக் கத்தினான்.

"லோர்னா. எப்படி இருக்காங்க? ஆளுங்க அசந்துட்டாங்க. மெதுவா வரலாமா, ஓடணுமா?"

இனி யாரும் ஓட வேண்டியதில்லை என்பது லோர்னாவுக்குத் தெரியும். ஆனால் வியாழக்கிழமை நாலு மணியிலிருந்து இந்த அம்மா பாதையோரத்தில் கிடந்து, யாரோ தனக்காக ஓடி வருகிறார்கள் என்று நம்பிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஒருத்தரும் ஓடவில்லை.

"ஓடி வாங்க," என்று கத்தினாள் லோர்னா. "எல்லாரும் ஓடி வாங்க."

அவர்கள் ஓடி வந்தார்கள்.